தண்ணி வருது!

(வேலூரில் உள்ள சத்துவாச்சாரி. அக்கா இலவம்பாடி முள் கத்திரிக்காய் நறுக்குகிறாள். தம்பி சிறுகதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். கேட்பதற்கு வேறு ஆள் அகப்படவில்லை.)

தம்பி: முதல் வரி கேள் அக்கா. 'ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு அவன் தண்ணிக்காக ஓடினான்.'

அக்கா: ஓடாமல் என்ன செய்வான்? பத்து மணிக்குக் கடையை மூடிவிடுவார்களே.

தம்பி: ஐயோ, லாரித் தண்ணி அக்கா! கையில் குடம் இருக்கிறது.

அக்கா: அந்தக் குடத்தை முதலில் சொல்லித் தொலைக்கக் கூடாதா?

தம்பி: சரி, குடம் போட்டாச்சு. அடுத்து, 'வழியில் போலீஸ்காரருக்குத் தண்ணி காட்டிவிட்டுப் போனான்.'

அக்கா: நல்ல பிள்ளை. பாவம், அவரும் எவ்வளவு நேரம் நிற்பார்?

தம்பி: ஏமாற்றிவிட்டுப் போனான்!

அக்கா: குடத்தோடு போகிறவன் தண்ணி காட்டினால் வேறு என்ன நினைப்பது? குடம் கையில் இருக்கிறவரை தண்ணி தண்ணிதான்டா. முதலில் கீழே வைக்கச் சொல்.

தம்பி: (அடித்து எழுதுகிறான்) 'அவனை அப்பா தண்ணி தெளித்து விட்டுவிட்டார்.' அதாவது கைகழுவிவிட்டார்.

அக்கா: அதற்கும் தண்ணி வேண்டும். லாரி எத்தனை நடை வந்ததாம்?

தம்பி: கடைசியில் அந்தப் போலீஸ்காரரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

அக்கா: எந்த ஊராம்?

தம்பி: வேலூர்.

அக்கா: (அருவாமனையை நிறுத்தி) என்னடா சொன்னாய்? கோட்டை அகழியில் இருப்பது என்ன? உள்ளே இருக்கிற சாமி பெயரே ஜலகண்டேசுவரர். 1981இல் நம் சத்துவாச்சாரியிலிருந்துதான் கொண்டுபோய் வைத்தார்கள்.

தம்பி: பாலாறு?

அக்கா: (சற்று நேரம் பேச்சில்லை) 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டு ஓடியதே! ஆற்றோரம் இருந்த சித்தி வீட்டில் 'தண்ணி வருது'ன்னு கத்தினதும் எதைத் தூக்கினார்கள்? குடத்தையா? துணி மூட்டையையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். பத்து நாள் சோறு போட்டேன்.

தம்பி: இது நன்றாக இருக்கிறதே, கதையில் சேர்த்துக்கொள்ளட்டுமா?

அக்கா: பத்து நாள் சோற்றையும் சேர்த்து எழுது.

(தெருவிலிருந்து ஒரு குரல்: "தண்ணி வருது!")

தம்பி: (பேனாவோடு எழுந்து) அக்கா, இது குடமா, மூட்டையா?

அக்கா: குடம்டா! ரெண்டு கையிலும் பிடி!