டெக்ஸாமெத்தசோனை வாங்கி வைக்காதீர்கள்

அண்ணே, கோவிட்டில் உயிர் காத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துதான் கடுமையான இன்ஃபுளுவென்சாவுக்கும் (ஃப்ளூ காய்ச்சலுக்கும்) மருந்து, வீட்டில் வாங்கி வையுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது தப்பு. 2020இல் பிரிட்டனின் ரிகவரி என்ற மருந்து ஆய்வு காட்டியது கோவிட்டைப் பற்றி மட்டும், அதிலும் ஆக்சிஜனோ மூச்சுக் கருவியோ தேவைப்பட்டவர்களுக்குத்தான் பலன், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இன்ஃபுளுவென்சா வேறு வைரஸ். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் கடுமையான இன்ஃபுளுவென்சாவுக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்கிறது, ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுக்கலாம் என்கிறது. (ஆஸ்துமாவுக்கு டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு வேறு விஷயம், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

கொலஸ்ட்ரால் மாத்திரை ஸ்டேட்டினும் அப்படித்தான். அதைச் சாப்பிட்டு வந்தவர்களிடம் இன்ஃபுளுவென்சாவால் இறப்பு குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகளில் தெரிந்தது உண்மை, ஆனால் அவர்கள் ஒழுங்காக டாக்டரைப் பார்ப்பவர்களாகவும் இருக்கலாமே, மருந்துதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

எனக்குப் பயம் நம் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பெரியவர்களை நினைத்துத்தான். பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஸ்டீராய்டு அதை விறுவிறுவென்று ஏற்றிவிடும். அதோடு காய்ச்சலையும் அமுக்கிவிடும். பாட்டி எழுந்து உட்கார்ந்து மைலோ கேட்பார், சரி தேறிவிட்டார் என்று நாமும் விட்டுவிடுவோம், நிமோனியா உள்ளே முற்றிக்கொண்டிருக்கும்.

ஒசெல்டாமிவிர் அறிகுறி தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், அதனால் வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் சீக்கிரமே கிளினிக்குக் கூட்டிப் போங்கள். மூச்சு வாங்கினால் நேராக ஆஸ்பத்திரிதான். அந்த "வாங்கி வையுங்கள்" வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் அண்ணே.