கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவருக்குக் கார் ஏது?
சேலம் நகர மையத்தில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம் வேண்டும், கட்டடத்தின் உயரமும் கூடக் கூடாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் சந்துக்கு வந்து பாருங்கள். கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் ஊருக்கு வெளியே குடிபோய்விட்டார்கள். காலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் சோற்றுத் தூக்கை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இல்லாத காருக்கு இடம் விட்டால் அந்தச் செலவும் வீட்டு விலையில்தான் ஏறும்.

உயரத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் குடியிருப்பு உயரமான கட்டடம் என்ற கணக்கில் வரும். சரி, தீயணைப்பு வண்டி நுழையாத சந்தில் வேண்டாம். பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி அகலமான சாலைகளில் அந்த உயரத்துக்குள் ஐந்து மாடி கட்ட விடுங்கள், தரைத்தளத்தில் பைக் நிறுத்த இடம் ஒதுக்குங்கள். கடைவீதிக்கு வரும் கார்களுக்கு மாநகராட்சி கட்டணம் வைத்துத் தனியாக இடம் தரட்டும்.