ஆமாம், தாத்தா டிராக்டரில் இன்ஜினை மாற்றினேன்

ஞாயிற்றுக்கிழமை பழைய டிராக்டர் வரிசையில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு வீடியோவே வந்து சேர்ந்திருக்கும். நடத்தியவர்கள் பானட்டைத் திறந்து இன்ஜினைப் பார்த்துவிட்டு "இது பழைய வண்டி இல்லை, ஓரமாக நிறுத்துங்கள்" என்றார்கள், நிறுத்தினேன். விதி அவர்களுடையது, அதுகூடப் பரவாயில்லை. ஆனால் "உங்கள் தாத்தா பார்த்திருந்தால் அழுதிருப்பார்" என்று ஒருவர் சொன்னாரே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

ஐயா, அந்த வண்டி ஓடவில்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு உடைந்து, இன்ஜினின் உடலான பிளாக்கின் பக்கச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த வண்டி அது. கையை மடக்கி உள்ளே விடலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. பதினொரு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஏர் கிளீனருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அப்போதெல்லாம் இந்தப் பாரம்பரியக் காவலர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்க மாட்டேன். (கேட்டுவிட்டேன், சரி.)

"அதே மாடல் பிளாக் தேடியிருக்கலாமே?" தேடாமலா? இரண்டு வருடம் தேடினேன். கிடைத்த ஒன்றே ஒன்றிலும் விரிசல். விற்றவர் அதன்மேல் அழகாகப் பெயின்ட் அடித்திருந்தார்.

ஏதோ உலகத்தில் நான்தான் முதன்முதலாக இன்ஜின் மாற்றியவன் மாதிரி பேசுகிறார்கள். ஃபோர்ட்சன் மேஜர் இ27என் வண்டியில் பெர்கின்ஸ் என்ற வேறு கம்பெனியின் பி6 டீசல் இன்ஜினை 1948-லேயே பொருத்தி விற்றார்கள். 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என்-இல் ஃபங்க் கம்பெனியின் இன்ஜின் மாற்றும் கிட் வாங்கி எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினையே இறக்கினார்கள். அப்படி ஒரு வண்டி ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் இதே ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்திருப்பார்கள். மாஸி பெர்குசன் 35-இல் முதலில் வந்த நாலு சிலிண்டர் டீசல், குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்று பேர் வாங்கியது. 1959-இல் கம்பெனி பெர்கின்ஸையே வாங்கிப் போட்டது, அதே 35 அப்புறம் பெர்கின்ஸ் மூணு சிலிண்டரோடு வந்தது. கம்பெனி செய்தால் முன்னேற்றம், பேரன் செய்தால் துரோகம்.

"வண்டியை அறுத்துவிட்டான்" என்கிறார்கள். இந்த மாதிரி வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. முன் ஆக்சில் இன்ஜினில்தான் தொங்குகிறது, இன்ஜினைக் கழற்றினால் வண்டி இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் கொடுத்து முன் ஆக்சிலைத் தாங்க வைத்தோம், புது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்க நடுவில் லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட். மையம் ஒரு மயிரிழை விலகினாலும் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் காலி என்பதால் விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்து நாலு தடவை கழற்றி மாட்டினேன். புது இன்ஜின் பழையதைவிட வேகமாகச் சுற்றும். அப்படியே விட்டால் பின்னால் கருவியைச் சுற்றும் தண்டு (பிடிஓ) நிமிடத்துக்கு 540 சுற்றைத் தாண்டிப் போய், பின்னால் மாட்டிய கருவி சிதறி யாராவது சாவார்கள். அதனால் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் ஸ்டாப்பர் வைத்துப் பழைய வேகத்திலேயே நிறுத்தியிருக்கிறேன். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு புது ஓட்டைகூடப் போடவில்லை. பழைய இன்ஜின் கொட்டகையில் மர ஸ்டாண்டில், எண்ணெய் தடவி நிற்கிறது. பானட்டில் இரண்டு அங்குலம் வெட்டினேன், ஆமாம். வெட்டினேன். அதை விடுங்கள்.

தாத்தாவைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்? சைலன்சருக்கு நேரே உள்ளங்கையைக் காட்டி, அந்தக் கையை முகர்ந்து பார்த்து, "டீசல் ஜாஸ்தி போகுது" என்பார். டைனமோவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியது அவர்தான். ஒரிஜினல் ஸ்டீயரிங் கைக்கு வாகாக இல்லை என்று அதையும் மாற்றினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அதுவும் இரும்புக்காக.

சித்தப்பா மகனும் அந்த வீடியோவுக்குச் சிரிப்பு போட்டிருக்கிறான். பாகம் பிரித்த அன்றைக்கு "இதை எடைக்குப் போட்டுடலாம்ணா" என்று சொன்னவன் அவன். பரவாயில்லை, சிரிக்கட்டும்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு வலித்தது. "பழைய சத்தம் போய்விட்டது" என்றார் ஒரு பெரியவர், கோபமில்லாமல். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல்முறை ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நிறுத்தியபோது அம்மா உள்ளேயிருந்தே "யாருப்பா வந்திருக்கிறது?" என்றார். அந்த வண்டி தெருமுனை திரும்பும்போதே தாத்தாவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தவர்.

அப்புறம், அன்றைக்கு பானட்டைத் திறந்து பார்த்த புண்ணியவான் யாரோ ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்த்துவிட்டுச் சரியாகத் திருகாமல் போயிருக்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் பாதித் தண்ணீர் காலி.