இரு கரையிலும் பிள்ளைகள் உள்ளவர்கள் பேச வேண்டும்

கேரள எல்லையை ஒட்டி நீரோடியிலிருந்து தூத்தூர் வரை நீளும் எங்கள் கரையில், வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. என் பெரியம்மாவின் மூத்த மகன் சவூதியின் ஜுபைலில் அரபி முதலாளியின் படகில் வேலை பார்த்தார். இளையவர் ஈரானின் கிஷ் தீவில். 2019 செப்டம்பர் 14 அன்று சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டு, அந்நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழ பாதி நின்றுபோனது; பழி ஈரான் மீது விழுந்தது. அன்றிரவு பெரியம்மா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார். யார் யாரைத் தாக்கினார்கள் என்று அவர் கேட்கவில்லை. "கடலுக்குப் போவாத மக்ளே" என்பதை மட்டும் இருவரிடமும் சொன்னார்.

ஆகவே 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் சீனாவின் மூத்த வெளியுறவு அதிகாரி வாங் யீ நடுவில் நிற்க, சவூதியின் பாதுகாப்பு ஆலோசகர் முசாயித் அல் ஐபானும் ஈரானின் அப்போதைய பாதுகாப்புச் செயலர் அலி ஷம்கானியும் உறவை மீட்க ஒப்புக்கொண்டு கைகோத்து நின்ற படத்தை வெளிநாட்டுச் செய்தியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. 2016 ஜனவரியில் ஷியா மதகுரு நிம்ர் அல் நிம்ருக்குச் சவூதி மரண தண்டனை நிறைவேற்றியதும், தெஹ்ரானில் சவூதித் தூதரகத்துக்குள் ஆர்ப்பாட்டக்காரர்கள் புகுந்து தீ வைத்ததும், அடுத்த நாளே உறவு முறிந்ததும் நமக்கு நினைவிருக்கும். முறிந்த அந்த உறவை ஏழாண்டுகளுக்குப் பிறகு ஒட்டவைத்தது, அப்பகுதியில் படைபலத்தைப் பெரிதாக நிறுத்தியிராத ஒரு நாடு.

எங்கள் கரையில் இரண்டு ஊருக்கிடையே மடி வலையின் பேரில் தகராறு வந்தால், இரண்டு ஊரிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டுப் பெரியவரைத்தான் பேச அழைப்பார்கள். சீனா இரு நாடுகளிடமும் எண்ணெய் வாங்குகிறது. அதனால் அதன் சொல்லை இருவராலும் தட்ட முடியவில்லை. 1980 முதல் தெஹ்ரானுடன் தூதரக உறவே இல்லாத அமெரிக்கா அந்த இடத்தில் உட்கார வழியில்லை. ஆனால் பெருமை முழுவதையும் சீனாவுக்குக் கொடுப்பது நியாயமல்ல. 2021, 2022 ஆண்டுகளில் பாக்தாத்திலும் ஓமானிலும் இரு தரப்பும் பலமுறை கூடிப் பேசியிருந்தன; கூட்டறிக்கையிலேயே ஈராக்குக்கும் ஓமானுக்கும் நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. களைத்துப்போன இருவரும் இறங்கிவர மனம் கொண்ட நேரத்தில், பொறுப்பேற்க ஒரு பெரிய கை தேவைப்பட்டது. அதைச் சீனா நீட்டியது.

அந்தக் கை நம்முடையதாக இருந்திருக்கக் கூடாதா என்பதே என் ஆதங்கம். கொரியப் போர் ஓய்ந்தபின் 1953இல், தாயகம் திரும்ப மறுத்த போர்க்கைதிகளின் சிக்கலைக் கையாண்ட நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு நம் ஜெனரல் திம்மையாதான் தலைமை வகித்தார். அப்போது நம்மிடம் பணம் இல்லை, எண்ணெய் வாங்கும் பலமும் இல்லை; இரு தரப்பும் நம்மை நடுவில் ஏற்றுக்கொண்டன என்பது மட்டும் இருந்தது. ஈரானின் சாபஹார் துறைமுகத்தில் ஒரு முனையத்தை இயக்க 2024இல் நாம் ஒப்பந்தம் போட்டோம், இன்று சவூதியுடன் நெருக்கம் இருக்கிறது, வளைகுடா நாடுகளில் ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர் உழைக்கிறார்கள். எவர் பக்கமும் சாயாமல் ஒதுங்கி நிற்பதையே நாம் திறமையாக எண்ணிப் பழகிவிட்டோம். சண்டை வந்தால் விமானமும் கப்பலும் அனுப்பி நம் ஆட்களை மீட்பதில் நாம் தேர்ந்தவர்கள்தான். 2020இல் கொரோனாவின்போதும் ஈரானிலிருந்து கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்திறங்கியவர்களில் எங்கள் மீனவர்களும் இருந்தார்கள், அந்த நன்றி எங்களுக்கு மாறாது. ஆனால் மீட்கப்பட்டவர் வெறுங்கையோடு வருகிறார். முதலாளி தர வேண்டிய சம்பளப் பாக்கி அந்தக் கரையிலேயே கிடக்கிறது, வீட்டில் வட்டி ஏறுகிறது, சில மாதங்களில் அவரே மறுபடியும் விசாவுக்கு அலைகிறார். சண்டை மூளும் முன்பே இரு தலைநகரங்களிலும் போய் உட்கார்ந்து பேசும் வேலையை டெல்லி கையிலெடுக்க வேண்டும் என்று நான் கேட்பது, ஒரே கடலின் இரு கரையிலும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்காகத்தான்.