பதினேழு சேக்கல் வெள்ளி

யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்ட பாபிலோன் சிறையிருப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் அங்கே ஆற்றங்கரையில் சீயோனை நினைத்து அழுதவர்களைச் சொன்ன ஆசிரியர், எரேமியா தீர்க்கதரிசி தம் சொந்த ஊரான ஆனதோத்தில் வாங்கிய நிலத்தை விட்டுவிட்டாரே என்று மனம் அடித்துக்கொள்கிறது. வேதாகமத்தில் எரேமியா 32ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியாவே காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் தம் தந்தையின் சகோதரர் மகனிடம் 17 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளியை நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்குகிறார்! சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. நெடுநாள் கெடாதிருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்ற வாக்குக்கு அடையாளம் அது.

வேலையிழந்து ஊரைவிட்டு வந்த ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது இந்த அதிகாரத்தைத்தான். நம்பிக்கை என்றால் மனத்துக்குள் இருக்கும் ஓர் உணர்வு என்றே அதுவரை எண்ணியிருந்தேன். இங்கே அது தராசில் ஏறுகிறது, பத்திரமாகிறது.

எரேமியா அந்த நிலத்தில் ஒருநாளும் உழவில்லை என்றே நினைக்கிறேன். கடைசியில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாரசீகத்தின் கோரேஸ் ராஜாவின் காலத்தில் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் ஊர்ப்பட்டியல் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.