ஸ்பூன் உரசினாலே போதும்

"பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?" இன்னொரு தடவை யாராவது கேட்டால் கத்திவிடுவேன். தலையில் அடிபட்டதிலிருந்து, தட்டில் ஸ்பூன் உரசினாலே மண்டைக்குள் ஆணி இறங்குகிறது. மிக்ஸி, டிவி, போன், பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுகின்றன. வேண்டாத சத்தத்தை ஒதுக்குவது மூளையின் வேலை; எனக்கு அந்த வடிகட்டிதான் பழுது, காது இல்லை. ஸ்கேனில் தெரியாவிட்டால் வலியே கிடையாதா? வெளிச்சமும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், அதாவது நொடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்று பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். உங்களுக்கு அது வெறும் வெளிச்சம். எனக்குக் கண்ணைக் குடைகிற வேதனை.

அப்புறம் இன்னொரு தொல்லை, கதவுப் பூட்டு. ஏழு முறை இழுத்துப் பார்த்தாயிற்று, எட்டாவது முறைக்குக் கை தானாகப் போகிறது. "பூட்டியாச்சே, விடேன்!" பூட்டியது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் விட முடியவில்லையே, அதைத்தானே நோய் என்கிறேன்!