ஒரே ஊருக்காக 15 வருஷம் பந்து போட்ட ஃபீலிக்ஸ்

பேஸ்பால்ல 2010-ல 13 மேட்ச் ஜெயிச்சு 12 தோத்த பிட்ச்சருக்கு (பந்து போடுறவருக்கு) எப்படிண்ணா, வருஷத்தோட சிறந்த பிட்ச்சருக்குன்னு இருக்குற சை யங் அவார்டு குடுத்தாங்கன்னு போன வாரம் ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான். நியூயார்க்ல இருந்து சியாட்டிலுக்குப் புதுசா வந்திருக்கான், அந்த ஊர் டீம் யாங்கீஸோட ரசிகன். அந்த வருஷம் அவங்க பிட்ச்சர் சபாத்தியா 21 ஜெயிச்சிருந்தார், அதனால அவனுக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கு. நின்னபடி பதில் சொல்ல முடியாத கேள்வி, அதான் இங்க எழுதுறேன்.

அந்த பிட்ச்சர் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ். வெனிசுவேலாக்காரர். 16 வயசுல சியாட்டில் மரினர்ஸ்ல கையெழுத்து போட்டு, 2005-ல 19 வயசுல பெரிய லீக்ல இறங்கி, 2019 வரைக்கும் அந்த ஒரே டீம். 2010-ல அவர் ஈ.ஆர்.ஏ-வை (ERA) பாருங்க, 2.27. அதாவது ஒன்பது இன்னிங்ஸ் போட்டா சராசரியா ரெண்டேகால் ரன் கிட்டதான் குடுப்பார், லீக்லயே அதான் பெஸ்ட். ஆனா நம்ம டீம் அந்த வருஷம் 162 மேட்ச்ல மொத்தமே 513 ரன், 101 மேட்ச் தோல்வி. அப்போ நம்ம டீம் ஆடுற அமெரிக்கன் லீக்ல பிட்ச்சர் பேட்டையே பிடிக்க மாட்டார், அவருக்கு பதிலா வேற ஒருத்தர் அடிப்பார். அப்புறம் ரன் வரலைன்னா அந்த மனுஷன் என்னதான் பண்ணுவார்? அவார்டுக்கு ஓட்டு போட்ட பத்திரிகைக்காரங்க, பிட்ச்சர் பேர்ல எத்தனை வெற்றி ஏறுச்சுங்கற 'வின்' கணக்கை ஓரமா வச்சிட்டு பந்தை பார்த்தாங்க, அது சரியான முடிவுன்னு நான் அன்னைக்கும் சொன்னேன் இன்னைக்கும் சொல்றேன்.

அவர் பேட் பிடிச்ச கதையும் ஒண்ணு இருக்கு. 2008-ல நியூயார்க் ஷே ஸ்டேடியத்துல, இன்னொரு லீக்கான நேஷனல் லீக் மைதானம்ங்கறதால அப்போ அங்க பிட்ச்சரும் அடிக்கணும், எதிர் டீம் பிட்ச்சர் ஜோஹான் சந்தானா, அவர் போட்ட பந்தை கிராண்ட் ஸ்லாம் அடிச்சிட்டார் நம்ம ஆளு, அதாவது ஒரே அடியில நாலு ரன். அதே மேட்ச்ல கணுக்கால் பிசகி அஞ்சாவது இன்னிங்ஸ் முடிக்க ஒரு அவுட் பாக்கி இருக்கும்போது வெளியே போக வேண்டியதாயிடுச்சு. அஞ்சு இன்னிங்ஸ் முடிச்சாதான் வின் கணக்குல ஏறும். டீம் ஜெயிச்சுது, அவருக்கு ஏறல!

2012 ஆகஸ்ட் 15, புதன்கிழமை மத்தியானம். காலைல ஊருக்கு போன் போட்டு எல்லாருக்கும் சுதந்திர தின வாழ்த்து சொல்லிட்டு ஆபீஸ் வந்தேன், மத்தியானம் மேல யாரும் வேலை பாக்கல. டாம்பா பே ரேஸ் டீம்ல இருந்து 27 தடவை அடிக்க வந்தாங்க, ஃபீலிக்ஸ் 27 தடவையும் அவுட்டாக்கி அனுப்பினார், ஒருத்தர் கூட முதல் பேஸை மிதிக்கல. இதைத்தான் பெர்ஃபெக்ட் கேம்னு சொல்வாங்க. நமக்கு ரன் ஒண்ணே ஒண்ணு, 1-0. கடைசி பந்து அவரோட சேஞ்சப். ஃபாஸ்ட்பால் மாதிரியே கை வரும், அதே வேகம்னு நினைச்சு பேட்ஸ்மேன் கணக்கு போடுவார், பேட்ஸ்மேன்கிட்ட வரும்போது பந்து பொத்துனு கீழ இறங்கிடும். அன்னைக்கு பேட்ஸ்மேன் பேட்டையே அசைக்கல. அம்பயர் கையை தூக்கினதும் ஃபீலிக்ஸ் ரெண்டு கையையும் வானத்தை பாத்து விரிச்சாரே, அந்த போட்டோ இன்னும் என் மேஜை மேல இருக்கு. அதுக்கப்புறம் இன்னொரு பெர்ஃபெக்ட் கேம் வர 2023 ஆச்சு.

எத்தனை வருஷம் நியூயார்க் பேப்பர்ல இவரை யாங்கீஸுக்கு வாங்கணும்னு எழுதிட்டே இருந்தாங்க. இவர் 2013-ல 7 வருஷத்துக்கு 175 மில்லியன் டாலர்னு சியாட்டில்லயே கையெழுத்து போட்டார், யாரையும் ஏமாத்த மாட்டேன்னு மைக் முன்னாடி அழுதார். காசுக்காகத்தான்னு சிலர் சொல்வாங்க. காசு எங்க போனாலும் கிடைச்சிருக்கும், பிளேஆஃப் மேட்ச் கிடைச்சிருக்கும், அதை விட்டுட்டுதான் இங்க நின்னார். 2014-ல தொடர்ந்து 16 மேட்ச், ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது 7 இன்னிங்ஸ், ரெண்டு ரன்னுக்கு மேல குடுக்கல. டாம் சீவர்ங்கற பழைய பிட்ச்சரோட ரெக்கார்டு போச்சு. டீம் ஒரே ஒரு மேட்ச் வித்தியாசத்துல பிளேஆஃப் தவறவிட்டுச்சு.

அப்புறம் தோள், வேகம் குறைஞ்சது, 2018, 2019 ரெண்டும் பார்க்க கஷ்டமா இருந்துச்சு, அதை விடுங்க.

2019 செப்டம்பர் 26, கடைசி மேட்ச். பொண்ணை கூட்டிட்டு போனேன், அப்ப அவளுக்கு ஆறு வயசு. இடது பக்கம் கிங்ஸ் கோர்ட்னு ஒரு பகுதி, அவர் பந்து போடுற நாளெல்லாம் அங்க எல்லாரும் மஞ்சள் டீஷர்ட், கையில ஸ்ட்ரைக்அவுட்டுக்கு அடையாளமான 'கே' (K) எழுதின மஞ்சள் அட்டை, ரெண்டு ஸ்ட்ரைக் ஆனதும், மூணாவது விழுந்தா அவுட்ங்கறதால, எழுந்து கத்துவோம். அவளுக்கு டீஷர்ட் முழங்கால் தாண்டி தொங்குச்சு. ஆறாவது இன்னிங்ஸ்ல மேனேஜர் வந்து அவரை கூப்பிட்டப்ப மொத்த மைதானமும் எழுந்து நின்னுச்சு, அவர் கண்ணை துடைச்சுக்கிட்டே நடந்தார். "தோத்துட்டாராப்பா?"ன்னு பொண்ணு கேட்டா. மேட்ச் 3-1, ஆமா தோத்தோம். எனக்கு பதில் வரல, அவளை தூக்கி தோள்ல வச்சுக்கிட்டேன்.

பேஸ்பால் ஜாம்பவான்களை சேர்க்குற ஹால் ஆஃப் ஃபேமுக்கான ஓட்டுல அவருக்கு முதல் வருஷம், 2025-ல, 20.6 சதவீதம்தான் ஓட்டு விழுந்துச்சு, வேணுங்கறது 75. 169 வின் பத்தாதாம். மறுபடியும் அதே வின் கணக்கு! 2010-ல சரியா பார்க்க தெரிஞ்சவங்களுக்கு இப்ப என்ன ஆச்சு? 2524 ஸ்ட்ரைக்அவுட் பண்ணவர், அடிக்கத் தெரியாத டீமை வருஷக்கணக்கா தூக்கிட்டு நடந்தவர், அவரை அந்த டீமோட தோல்வியை வச்சு அளக்குறது அநியாயம்.

2022-ல 21 வருஷம் கழிச்சு மரினர்ஸ் பிளேஆஃப் வந்துச்சு. சியாட்டில்ல நடந்த அந்த முதல் மேட்ச்ல சம்பிரதாயப் பந்து போட ஃபீலிக்ஸை கூப்பிட்டாங்க. அன்னைக்கு மேட்ச் 18 இன்னிங்ஸ் இழுத்து 1-0னு தோத்தோம். ஆனா தம்பி, அதுக்கு முன்னாடி அவர் அந்த மைதானத்துல பந்தோட நின்னார், பிளேஆஃப் நடக்குற அக்டோபர் மாசத்துல, ஒரே ஒரு பந்து போட்டார்.